சாவி யாரிடம்?

கடலோரத் தீயணைப்பு நிலையங்களில் முப்பத்தோரு வருடம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். தீ, விபத்து, அவசர உதவி என்று வாசகர்கள் கேட்பதற்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "நீங்கள் தினமும் நடக்கும் பூங்காவுக்குள் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று ஒருநாள் நின்று பாருங்கள்." அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. சில கடிதங்களில் இருந்த ஊர்ப் பெயரை நானே அடித்துவிட்டேன். யாரையும் திட்டுவதற்கான இடமல்ல இது. தவிர, பெயரை மாற்றிப் போட்டாலும் பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: ஐயா, எங்களுடையது கடலை ஒட்டிய சிறிய நகரம். நகராட்சிப் பூங்காவில் மாலையில் நடப்பவர்கள் முப்பது, நாற்பது பேர் இருப்போம். சென்ற மாதம் எங்களோடு நடக்கும் பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிமென்ட் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். 108-க்குச் சொன்னோம். வண்டியும் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் பெரிய கேட் பூட்டியிருந்தது. ஆட்கள் நுழையும் சுழல் கம்பிக் கதவில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. சாவி வைத்திருந்த காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். கடைசியில் பெரியவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேர் சுற்றுச்சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தோம். பிழைத்துக்கொண்டார். கேட்டை அகலப்படுத்தச் சொல்லி மனு எழுத இருக்கிறோம். வேறு என்னென்ன கேட்கலாம்? — ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: பெரியவர் வீடு திரும்பியதில் மகிழ்ச்சி, அம்மா. ஆனால் மனுவில் "அகலப்படுத்த வேண்டும்" என்று எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேட் குறுகலாக இருந்தது என்று அதில் எங்குமே இல்லை. பூட்டியிருந்தது என்றுதான் இருக்கிறது. அகலப்படுத்தச் சொன்னால் மதிப்பீடு, டெண்டர், நிதி ஒதுக்கீடு என்று இரண்டு மழைக்காலம் ஓடிவிடும். முடிவில் அகலமான புதுக் கேட்டில் அதே பழைய பூட்டு தொங்கும்.

பூட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பல வருடங்களுக்கு முன் கடற்கரையை ஒட்டிய ஒரு பூங்காவில் சருகுக் குவியல் பற்றிக்கொண்டது. தோட்டக்காரர்கள் கூட்டி மூலையில் சேர்த்திருந்த பனை ஓலையும் வேப்பஞ்சருகும்தான். ஆனால் சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது, பக்கத்தில் குழந்தைகள் சறுக்கும் பிளாஸ்டிக் சறுக்குமரம். நாங்கள் போய் நின்றபோது காவலாளி கேட்டருகிலேயே இருந்தார், சாவியும் அவர் கையில் இருந்தது. பூட்டைப் பாலித்தீன் பையால் சுற்றி, சைக்கிள் டியூப் துண்டால் கட்டியிருந்தார். உப்புக்காற்றுக்குப் பயந்து அந்த மனிதர் செய்த ஏற்பாடு. கட்டைப் பிரித்தோம். உள்ளே பூட்டு பொரித்த அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. பையை மாட்டியதால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. சாவி நுழைந்தது, அரைச் சுற்றுத் திரும்பியது, வளையம் மட்டும் மேலே எழும்பவில்லை. எங்கள் வண்டியில் இரும்பு வெட்டும் கத்தரி உண்டு, வெட்டினோம். ஆம்புலன்ஸில் வருகிறவர் கையில் மருந்துப் பெட்டிதானே இருக்கும்?

ஆகவே மனுவில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: இரும்புப் பூட்டு வேண்டாம், பித்தளைப் பூட்டு வேண்டும், அதுவும் ஒன்றல்ல, இரண்டு. கேட்டில் ஒரு சங்கிலியைப் போட்டு, அதன் இரண்டு முனைகளையும் ஒரே பூட்டால் இணைக்காமல், இரண்டு பூட்டுகளை ஒன்றோடொன்று கோத்து இணைக்க வேண்டும். ஒரு பூட்டின் சாவி காவலாளியிடம். இன்னொன்றின் சாவி தீயணைப்பு நிலையத்திலும், பூங்கா வாசலில் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் ஏதாவது ஒரு கடையிலும். எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி அவிழும். ஆகும் செலவு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்கு மேல் கொஞ்சம். கடைக்காரரிடம் நகராட்சிச் சாவியா என்று அதிகாரிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மாலை ஐந்திலிருந்து இரவு வரை அந்த வாசலை விட்டு நகராத ஒரே மனிதர் அவர்தான். காவலாளியைக் குறைசொல்லவில்லை; அவரும் மனிதர், டீ குடிக்கத்தான் வேண்டும்.

அடுத்து, அந்தச் சுழல் கதவு. மாடும் மோட்டார் சைக்கிளும் நுழையக் கூடாது என்று வைத்தது. அதில் சக்கர நாற்காலியும் நுழையாது, ஸ்ட்ரெச்சரும் நுழையாது. அதைப் பிடுங்கச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தாழ்ப்பாள் மட்டும் போட்ட சிறு கதவு ஒன்று கேளுங்கள்.

பிறகு ஓர் ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தெருவில் ஓடும் 108 வண்டிக்கு அகலம் இரண்டு மீட்டர் சொச்சம், உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல். எங்கள் தண்ணீர் வண்டியின் உடல் இரண்டரை மீட்டர் அகலம். இரு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த கட்டடங்களுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது 6 மீட்டர் அகல நுழைவாயில். மேலே வளைவு இருந்தால் 4.5 மீட்டர் உயரம். சின்னப் பூங்காவுக்கு அவ்வளவு கேட்டுச் சண்டை போட வேண்டியதில்லை, ஆனால் அந்த வளைவு விஷயத்தைக் கவனியுங்கள். வளைவு கட்டும்போது உயரம் சரியாகத்தான் இருக்கும். அப்புறம் அதில் பெயர்ப்பலகை, பலகைக்குக் கீழே விளக்கு, விளக்குக்குக் கீழே திருவிழாத் தோரணம், தோரணத்துக்குக் கீழே யாருடைய பிறந்தநாள் பதாகையோ. அளக்கும்போது கான்கிரீட்டை அளக்காதீர்கள், அதில் தொங்குவதை அளங்கள்.

அளந்தபின் செய்ய வேண்டியதுதான் முக்கியம். நிலைய அலுவலரைப் போய்ப் பார்த்து, வண்டியை ஒருநாள் பூங்காவுக்குக் கொண்டுவந்து நுழைத்துக் காட்டும்படி கேளுங்கள். எங்கள் ஆட்கள் பள்ளிகளுக்கும் ஆலைகளுக்கும் செயல்விளக்கத்துக்குப் போகிறவர்கள்தான். அழைத்தால் வருவார்கள். ஓட்டுநர் முதல் திருப்பத்திலேயே பிரேக் போட்டு இறங்கி, எந்தப் பூந்தொட்டி இடிக்கிறது, எந்தக் கிளை சைரன் விளக்கில் உரசுகிறது என்று கை நீட்டிச் சொல்வார். அந்தப் பத்து நிமிடத்தில் தெரிவது பத்துப் பக்க வரைபடத்தில் தெரியாது.

கேள்வி: எங்கள் பூங்காவின் நடைபாதை முழுவதும் பேவர் பிளாக். அதன்மேல் தீயணைப்பு வண்டி வந்தால் தாங்குமா? — கட்டட மேற்பார்வையாளர், பரமக்குடி

பதில்: தாங்காது என்று நினைத்து வேலை செய்யுங்கள், தம்பி. தண்ணீர் மட்டுமே 4500 லிட்டர், அதாவது நாலரை டன். வண்டி, பம்ப், ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் 12 டன்னைத் தாண்டும். நடப்பதற்காகப் போட்ட கல் அடியில் மணலோடு நிற்கிறது. அதைவிடக் கல்லுக்கு நடுவே வரும் கால்வாய் மூடி, புல்தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும் கழிவுநீர்த் தொட்டி, இவைதான் என்னைப் பயமுறுத்துபவை. அணைக்க வந்த வண்டியே ஒரு பக்கச் சக்கரம் உள்ளே இறங்கிச் சாய்ந்து நின்றால், அதைத் தூக்க இன்னொரு வண்டி வர வேண்டும்.

ஆனால் ஓர் உண்மை சொல்கிறேன். தண்ணீர் வண்டி பூங்காவின் நடுவே வர வேண்டிய அவசியமே இல்லை. ஓஸ் குழாய்கள் 15 மீட்டர், 30 மீட்டர் என்று வருகின்றன. நாலைந்தை மாட்டினால் வாசலில் நின்றபடியே சாதாரணப் பூங்காவின் பெரும்பகுதியை எட்டிவிடலாம். உள்ளே வர வேண்டியது ஆம்புலன்ஸ். ஏனென்றால் குழாயை நீட்டலாம், ஸ்ட்ரெச்சரை நீட்ட முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டுக்கும் ஒரே சாலை கேட்பதால்தான் மதிப்பீடு லட்சக்கணக்கில் போய், ஒன்றுமே நடக்காமல் போகிறது. வாசலுக்கு வெளியே எங்கள் வண்டிக்குக் கெட்டியான ஓரிடம். உள்ளே நடுப்பகுதி வரை ஆம்புலன்ஸுக்கு மூன்று மீட்டர் அகலத்தில் சரளை கெட்டித்த ஒரு பாதை. முடிவில் திரும்ப இடம். திரும்ப இடம் இல்லாவிட்டால், நோயாளியை ஏற்றிய வண்டி குழந்தைகள் கூட்டத்துக்கு நடுவே பின்னோக்கி வர வேண்டும். ஒருமுறை அப்படி வந்திருக்கிறேன். ஆயுளில் ஒரு வருடம் குறைந்தது.

கேள்வி: எங்கள் ஊருணியைச் சுற்றி நடைபாதை போட்டு, பூச்செடி வைத்து, ஆள் உயரத்துக்குக் கம்பி வேலியும் போட்டுவிட்டார்கள். அழகாக இருக்கிறது. முன்பு தீயணைப்பு வண்டி அங்கேதான் தண்ணீர் எடுக்கும். இனி எப்படி எடுக்கும்? — விவசாயி, திருப்புல்லாணி அருகே

பதில்: ஐயா, எல்லோரும் பூங்காவைக் கேட்டார்கள், தண்ணீரைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

நம் மாவட்டத்தில் ஊருணி என்பது வெறும் குளமல்ல என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் இருக்கும் தண்ணீர், வேகமாகப் பீய்ச்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கூரை வீடுகள் வரிசையாகப் பற்றும்போது இரண்டாவது நடைக்கு எங்கே ஓடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்பார்கள். வேறு வழியில்லாதபோது கடல்நீரையும் எடுக்கலாம். ஆனால் உப்பு பம்பைத் தின்றுவிடும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரை ஓடவிட்டு நெடுநேரம் கழுவ வேண்டும். தவிர, அலை அடிக்கும் மணற்கரையில் வண்டியை எங்கே நிறுத்துவது?

ஊருணியில் தண்ணீர் எடுக்கும் குழாய் நாங்கள் தீக்கு நீட்டும் துணிக் குழாய் மாதிரி வளையாது. உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதை விறைப்பாகச் செய்திருப்பார்கள். துண்டு துண்டாக மாட்டி, முனையில் சல்லடைக் கூடை பூட்டி இறக்குவோம். பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஏழு மீட்டர் ஆழத்துக்கு மேல் போனால் பம்ப் திணறும். பெருமூச்சு விடும், தண்ணீர் வராது. ஆகவே வண்டி கரைக்கு மிக அருகில் வந்தாக வேண்டும். வேலி இருக்கட்டும், குழந்தைகள் விழாமல் இருக்க அது தேவை. படித்துறைப் பக்கம் நான்கு மீட்டர் அளவுக்கு வேலியைக் கதவாக மாற்றச் சொல்லுங்கள். அந்த இடத்தில் கரை கெட்டியாக இருக்க வேண்டும், பூச்செடி கூடாது. வெயில் காலத்தில் நீர்மட்டம் எங்கே இறங்கும் என்பது பொறியாளரைவிட உங்களுக்குத்தான் தெரியும். சித்திரையில் எந்தப் படி வரை தண்ணீர் நிற்கும் என்று நீங்களே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: அரியமான் பக்கம் அடிக்கடி போகிறவன் நான். கடற்கரையில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸ் மணலில் இறங்க முடியுமா? இறங்கிப் புதைந்தால் என்ன செய்வது? — கல்லூரி மாணவர், உச்சிப்புளி

பதில்: இறங்கக் கூடாது. டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் ஏறலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதே வண்டி அடுத்த நிமிடம் தார்ச்சாலையில் ராமநாதபுரம் வரை பறக்க வேண்டும். காற்றை யார் நிரப்புவார்கள்? சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வண்டி நிற்கட்டும். ஆளை அங்கே கொண்டுவாருங்கள்.

மீறி இறங்கிப் புதைந்துவிட்டால், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே கூடாது. மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும். சக்கரத்துக்கு முன்னால் மணலை விலக்கிவிட்டு, பனை மட்டையை ஓலையோடு குறுக்காகப் படுக்கவையுங்கள், நான்கைந்து அடுக்கு. கருக்கு மட்டை டயரை ஒன்றும் செய்யாது, உங்கள் கையைத்தான் கிழிக்கும், துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பயிற்சி மையத்து ஆசிரியர் அல்ல, வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவர். "வண்டிக்காரரே, வள்ளத்தை ஏற்றுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

தண்ணீரில் மூழ்கியவரைத் தூக்கினால் வண்டி வரும்வரை காத்திருக்காதீர்கள். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் நம் கரையில் இன்னும் நடக்கிறது; நேரம்தான் வீணாகும், வாந்தி மூச்சுக்குழலுக்குள்ளும் போகும். மூச்சு இல்லை என்றால் அந்த இடத்திலேயே மல்லாக்கப் படுக்கவைத்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல் செய்யுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும். பிராணவாயு இல்லாமல் நான்கைந்து நிமிடம் போனாலே மூளை சேதமடையத் தொடங்கும். எந்த ஊர் ஆம்புலன்ஸும் அதற்குள் வரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதன்மேல் செய்யுங்கள். உலர்ந்த மணலில் நீங்கள் அழுத்த அழுத்த ஆளே கீழே இறங்குவார்.

கேள்வி: ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவர்களுக்குத் தண்டனை உண்டா? பூங்கா வாசலை அடைத்து நிற்கும் தள்ளுவண்டிக் கடைகளையும் அகற்ற வேண்டாமா? — வங்கி ஊழியர், ராமநாதபுரம்

பதில்: உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

தள்ளுவண்டி விஷயத்தில் நான் உங்கள் கட்சி இல்லை. சுண்டல் வண்டிக்கு நான்கு சக்கரம் இருக்கிறது, பின்னால் ஒரு மனிதரும் இருக்கிறார். சைரன் கேட்டதும் அடுப்பு எரிய எரியத் தள்ளிக்கொண்டு ஓடுபவரை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வாசலை அடைப்பது, காரை நிறுத்திவிட்டு நடைப்பயிற்சிக்குப் போனவர். அவர் ஆறாவது சுற்றில் இருப்பார், காதில் பாட்டு ஓடும். வாசலுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கட்டம் போட்டு, "இங்கே நிறுத்தாதீர்கள்" என்று எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தைக் காவல் காக்கும் பொறுப்பைச் சுண்டல்காரரிடமே கொடுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். ஆம்புலன்ஸ் சிக்காதா? — தங்கச்சிமடம் வாசகர்

பதில்: சிக்கும். தீவுக்குச் சாலை வழி ஒன்றுதான்: 1988-இல் திறந்த அந்தப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்தபின் அதன் தூக்குப் பகுதி மேலே எழும்புவதைப் பார்க்கக் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. பார்க்கட்டும், பார்க்க வேண்டிய காட்சிதான். பாலம் தொடங்குவதற்கு முன்பே வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்து பார்க்கட்டும்.

கேள்வி: மனுவை யாரிடம் கொடுப்பது? கொடுத்தால் பதில் வருமா? — ஓய்வு பெற்ற ஆசிரியர், தொண்டி

பதில்: நகராட்சியானால் ஆணையர், பேரூராட்சியானால் செயல் அலுவலர். ஒரு நகலோடு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். அசைவு இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம். 30 நாளில் பதில் தர வேண்டும். நீளமாக எழுதாதீர்கள். ஒரே கேள்வி போதும்: "இன்ன தேதியில் மாலை 6 மணிக்குப் பூங்காவின் பெரிய கேட் சாவி யாரிடம் இருந்தது?" இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தால், பதில் வருவதற்கு முன்பே சாவிக்கு ஓர் இடம் கிடைத்துவிடும்.

கேள்வி: பூட்டே வேண்டாம் என்று, கேட்டுக்குப் பதில் கழற்றி எடுக்கும் இரும்புக் குழாய்களை நட்டால் என்ன? — அதே மாணவர், உச்சிப்புளி

பதில்: நல்ல யோசனை தம்பி, பல நகரங்களில் செய்திருக்கிறார்கள். நம் கரையில் ஒரு சிக்கல் உண்டு. குழாயை நடத் தரையில் ஓர் உறை பதிப்பார்கள். குழாயை ஒருமுறை கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட மறந்தால், இரண்டு நாள் காற்றில் அந்தக் குழி மணலால் நிரம்பிவிடும். மாட்டியே வைத்திருந்தாலும் இடுக்கில் மணலும் உப்பும் இறுகி, இழுத்தால் வராது. நான் பார்த்த ஓர் இடத்தில் தோட்டக்காரர் குழாயைச் சுற்றிப் பழைய டயர் டியூபை வளையமாக வெட்டி மாட்டியிருந்தார், மணல் இறங்காமல் இருக்க. குழாயைக் கழற்றினால் குழிக்கு மூடி, ஒரு பெயிண்ட் டப்பாவின் தகரம். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை செடிக்குத் தண்ணீர் விட்டபின், ஒவ்வொரு குழாயையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப இறக்குவார். எதற்கு என்று கேட்டேன். "நீங்கள் வரும் நாளில் இழுத்துப் பழக நேரம் இருக்காதே" என்று சொல்லிவிட்டு அடுத்த குழாய்க்குப் போய்விட்டார்.